திவான் வீட்டுக்கு வந்த விருந்தாளி

"என்ன திருட்டு போச்சு?" என்று கேட்டார் சந்தேகம் அக்கா.

"எதுவும் போகல," என்றார் கணக்கு டீச்சர்.

"பின்ன எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"ஒண்ணு கூடிப்போச்சு."

மழையில் தொப்பலாக நனைந்து, வாசல் மிதியடியில் குளம் கட்டிக்கொண்டு நின்ற உதவியாளன் ரேடியோவுக்கு அந்த நிமிஷமே வழக்கு பிடித்துவிட்டது. அக்காவிடம் சேர்ந்ததிலிருந்து சைக்கிள் போனது, சங்கிலி போனது, ஒரு தடவை நிச்சயித்த மாப்பிள்ளையே போனது என்று, போனதைத் தேடியே அவன் செருப்பு தேய்ந்திருந்தது. வந்ததை விசாரிக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"அக்கா, சுலபமான கேஸ். தேட வேண்டிய பொருள் கையிலேயே இருக்கு," என்றான்.

"வாயை மூடிட்டுச் செருப்பைக் கழட்டு," என்றார் அக்கா.

அக்கா முன்பு காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று சாம்பலைக் கிளறிப் பார்த்துச் சொல்வதுதான் உத்தியோகம். யார் எதைச் சொன்னாலும் "சந்தேகமா இருக்கே" என்று இழுப்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். ரேடியோ அதற்கு முன் கடைத் திறப்பு விழாக்களில் மைக் பிடித்தவன். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்களே தவிர, பேச்சை யாராலும் பிடுங்க முடியவில்லை.

டீச்சர் அவர்களைப் பின்கட்டு பால்கனிக்குக் கூட்டிப்போனார். பால்கனி முழுவதும் கம்பிவலையும் கண்ணாடியும் அடைத்து, உள்ளே மரக்கிளைகளை நட்டு, மேலே சூட்டு விளக்கு தொங்கவிட்டிருந்தார்கள். விளக்குக்கு நேர் கீழே, சோபா நீளத்துக்கு ஒரு பச்சை ஓணான், தாடையைக் கிளையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தது.

"இவன் திவான். இகுவானா. வெளிநாட்டு ஜாதி. என் பையன் பல் துலக்குற பிரஷ் நீளத்துல வாங்கிட்டு வந்தான். இவன் வளர்ந்தான், அவன் வேலைக்கு வெளிநாடு போயிட்டான். போன் பண்ணா 'திவான் சாப்பிட்டானா'ன்னு கேக்கறான். நான் சாப்பிட்டேனான்னு கேக்கறதில்ல."

"பாக்கறதுக்கு மாமனார் மாதிரி இருக்கான்," என்றான் ரேடியோ.

"அதுக்குப் பின்னால பாருங்க தம்பி."

இலைகளுக்குள் இன்னொரு பச்சை முகம் இருந்தது. திவானைவிடக் கொஞ்சம் சின்னது. கண்ணை மூடிக்கொண்டு, சொந்த வீடு போல நிம்மதியாகத் தூங்கியது.

"போன வாரம் காலையில இலை போட வந்தேன். ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு. பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட சொன்னா, 'வயசாச்சு, கண் டாக்டரைப் பாருங்க'ங்கறாங்க. இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவ நான். ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?" டீச்சர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"வந்தது வந்திடுச்சு. இதையும் வளர்த்துட்டுப் போங்களேன்," என்றான் ரேடியோ.

"நீங்க செய்தி பாக்கறதே இல்லையா தம்பி?"

பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு மாதமாக எல்லா டிவியிலும் அதே கூச்சல்தான். 'உங்கள் பக்கத்து வீட்டில் டைனோசரா?' என்று சிவப்பு எழுத்து ஓடாத நேரமில்லை. வெளிநாட்டுப் பிராணி வளர்க்கிறவர்கள் எல்லாரும் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று புதுச் சட்டம். பெரிய ஊர்வன என்றால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் அனுமதி. பதிவு செய்ய இன்று மாலையோடு கடைசி. அதன் பிறகு பதிவில்லாத பிராணி சிக்கினால் பறிமுதல், வழக்கு. பயந்து வெளியே விட்டுவிட்டாலோ நேராக ஜெயில். அப்படியும் பூங்காக் குளத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஆமைகள் பெருகிவிட்டன. பஸ் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்கள் அறையில், யாரோ குடைகளுக்கு நடுவில் ஒரு பாம்பை 'தவறவிட்டு' விட்டுப் போயிருந்தார்கள்.

"திவானுக்கு அனுமதி இருக்கு. நாளைக்கு வீட்டு ஆய்வு. ரெண்டு இருக்கறதைப் பார்த்தா ரெண்டையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க. வெளியில விடவும் கூடாது. வானத்துலேருந்து விழுந்துச்சுன்னு சொன்னா நம்புவாங்களா?" டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பையன் கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

அக்கா கம்பிவலைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இந்தப் பால்கனிக்கு யார் யார் வந்தாங்க?"

"சூட்டு விளக்கு மாத்த எலெக்ட்ரீஷியன் வந்தான், பெரிய பையைத் தூக்கிட்டு. கீழ் வீட்டுக்காரர் வந்தார். ஓணான் இருக்கற கட்டடத்துல குடியிருக்க மாட்டேன்னு மனு போட்டவர். அப்புறம், முன்னோட்டமா கூண்டை அளக்கணும்னு அதிகாரி வந்தார். அவரை விடுங்க, தங்கமான மனுஷன். திவானோட தாடையைத் தடவிக்கொடுத்துட்டுப் போனார்."

"எலெக்ட்ரீஷியன்," என்றார் அக்கா, கண்ணை இடுக்கிக்கொண்டு. "பெரிய பை."

அதற்குள் ரேடியோ அடுக்கடுக்காக நான்கு தும்மல் போட்டான். "ஈரச் சட்டையோட நிக்காதீங்க," என்று டீச்சர் உள்ளே போய், தலை உலர்த்தும் டிரையரைக் கொண்டுவந்து கொடுத்தார். ரேடியோ அதைச் செருகி, சட்டைக் காலரைத் தூக்கிப் பிடித்து, பொத்தானை அழுத்தினான்.

டிரையர் உறுமியதும் திவான் விழுந்தடித்துக்கொண்டு கிளைக்கு அடியில் போய் ஒளிந்தது.

விருந்தாளியாக வந்த ஓணான் கண்ணைத் திறந்தது. சத்தம் வந்த பக்கம் திரும்பியது. கிளையிலிருந்து சரசரவென்று இறங்கி, கம்பிவலைக்கு வந்து, நகங்களால் பற்றி ஏறி, ரேடியோவுக்கு நேர் எதிரே நின்றது. தாடையை மெல்ல உயர்த்தி, கண்ணை மூடி, 'ம், ஆரம்பி' என்பது போல் காத்திருந்தது.

"அக்கா, இது என்னைப் பார்த்து மயங்குது."

"உன்னைப் பார்த்து இல்ல. டிரையரைப் பார்த்து. அதை அது பக்கம் காட்டு. தூரமா."

இளஞ்சூடான காற்று பட்டதும் விருந்தாளி கழுத்துத் தோலை விரித்து, இந்தப் பக்கம் ஆயிற்று, இனி அந்தப் பக்கம் என்று தானாகவே தலையைத் திருப்பிக் கொடுத்தது.

அக்கா எழுந்தார். கம்பிவலையில் பதிந்திருந்த நகங்களைக் கிட்டத்தில் பார்த்தார். "இது வெட்டின நகம் இல்ல. ராவி, வழவழப்பாக்கின நகம். என் நகமே இப்படி இல்ல." பிறகு அதன் முதுகு முள்வரிசையில் சிக்கியிருந்த எதையோ இரண்டு விரலால் எடுத்தார். மூன்று முடிகள். ஒன்று கறுப்பு, ஒன்று செம்பட்டை, ஒன்று கத்திரிப்பூ நிறம்.

"மூணு பேர் முடி. கத்திரிப்பூ கலர்ல ஒருத்தருக்கும் முடி முளைக்காது. எங்கேருந்து வந்திருக்கும் சொல்லு?"

"கூட்டுக் குடும்பம்," என்றான் ரேடியோ.

"பியூட்டி பார்லர்டா, மண்டு!"

*

மழை விட்டிருந்தது. துணி போடும் மூடிக்கூடையில் விருந்தாளியை வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டி, ரேடியோ தூக்கிக்கொண்டு நடந்தான். டீச்சரும் கூடவே வந்தார். "என் கணக்கு சரின்னு என் கண்ணால பார்க்கணும்," என்று பிடிவாதம்.

முதல் பார்லரில் அக்கா விசாரித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ரேடியோவை வாடிக்கையாளர் என்று நினைத்து ஒரு பக்கப் புருவத்தைத் திருத்திவிட்டார்கள். இரண்டாவது பார்லரில், "ஊர்வனவுக்கு இங்க தனி ரேட் இல்ல," என்று சிரித்து அனுப்பினார்கள்.

"ஒரு புருவம் கேள்வி கேக்கற மாதிரியே நிக்குது அக்கா. இன்னொண்ணையும் பண்ணிடலாமா?"

அக்கா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். எதிரே மாடியில் இன்னொரு பார்லர். அதன் ஜன்னல் விளிம்பில் ஒரு தொட்டியில் செம்பருத்திச் செடி.

"அந்தச் செடியைப் பாரு."

"பார்த்துட்டேன். பூ நல்லா இருக்கு."

"தெருப் பக்கம் பூவும் இலையுமா அடர்ந்து கிடக்கு. ஜன்னல் பக்கம் குச்சிதான் நிக்குது. பூச்சி தின்னா ரெண்டு பக்கமும் தின்னும். இதை யாரோ வீட்டுக்குள்ள உட்கார்ந்துகிட்டு மேஞ்சிருக்காங்க."

ரேடியோ அண்ணாந்து பார்த்தான். மொட்டைக் குச்சிகளின் நுனியில் குட்டி குட்டியாகத் துளிர் விட்டிருந்தது.

"இப்பதான் துளிர்க்குது. மேஞ்ச ஆளு ஊர்ல இல்ல," என்றார் அக்கா. "போன வாரம்தான் கிளம்பியிருக்கு."

கூடைக்குள் எதுவோ புரண்டது.

மூன்று பேரும் மாடி ஏறினார்கள். உள்ளே இரண்டு நாற்காலிகளில் வாடிக்கையாளர்கள். ஒருவர் தலையில் கண்ணாடித் தொப்பி போட்ட நீராவி யந்திரம். இன்னொருவர் கண்கள் மேல் வெள்ளரித் துண்டுகளோடு மல்லாந்து கிடந்தார். நடுவில் நின்ற பார்லர் அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். கை சுறுசுறுப்பாக வேலை பார்த்தது. முகத்தில் மட்டும் ஏனோ நாலு நாள் தூங்காத வாட்டம்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

அக்கா ரேடியோவைப் பிடித்துக் காலி நாற்காலியில் தள்ளினார்.

"என்ன பண்ணணும்?"

"அழகாக்கணும்," என்றான் ரேடியோ.

அந்த அம்மா அவனை ஒரு தரம் பார்த்தார். அவன் புருவத்தை இன்னொரு தரம் பார்த்தார். "அதுக்கு நேரமாகுமே."

"தலையை மட்டும் உலர்த்தினா போதும்," என்றார் அக்கா அவசரமாக. அதே சமயம் கூடையைத் தரையில் வைத்து, ஒன்றும் தெரியாதவர் போலக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

டிரையர் உறுமியது. கூடை ஆடியது. மூடி உயர்ந்தது.

விருந்தாளி இறங்கி வந்தது. யாரையும் பார்க்கவில்லை. வெள்ளரித் துண்டுக்காரரின் நாற்காலிக்கு அடியில் புகுந்து, செருப்புகளைத் தாண்டி, ஜன்னலோரம் இருந்த சின்ன ஸ்டூல் மேல் நேராக ஏறியது. வாலைச் சுருட்டிக்கொண்டது. தாடையைத் தூக்கியது. கண்ணை மூடியது.

நீராவிக்காரர் வீறிட்டார்.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் வெள்ளரித் துண்டுக்காரர்.

"ஒண்ணுமில்லம்மா. நீங்க கண்ணை மட்டும் திறந்துடாதீங்க," என்றான் ரேடியோ.

பார்லர் அம்மாவின் கையிலிருந்து டிரையர் நழுவி விழுந்தது. "மரகதம்!" என்று ஓடிப்போய் அதை வாரி எடுத்து, கன்னத்தோடு வைத்துக்கொண்டார். "என் தங்கமே! உன்னை யாரு மிருகக்காட்சிசாலைலேருந்து கூட்டிட்டு வந்தது?"

"எந்த மிருகக்காட்சிசாலை?" என்றார் அக்கா.

அப்போதுதான் அந்த அம்மாவுக்குச் சுற்றிலும் ஆட்கள் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் கையிலிருந்ததை விடவில்லை. "என் வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டுட்டு வந்தார். புதுச் சட்டம் வந்திருக்கு, வெச்சிருந்தா அவர் வேலைக்கே ஆபத்துன்னார். அங்க பெரிய கண்ணாடி அறை இருக்கு, தனி டாக்டர் இருக்கார்னார். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்னார். ஞாயித்துக்கிழமை வந்தா தலைவலிங்கறார்."

அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, வெற்றி பெற்ற வக்கீல் மாதிரி நிமிர்ந்தார். "உங்க வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன்தானே?"

"எலெக்ட்ரீஷியனா?" அந்த அம்மா திகைத்தார். "அவருக்கு பல்ப் மாத்தவே தெரியாதே!"

ரேடியோ வாழ்நாளில் பார்க்காத காட்சி அது. அக்காவின் முகத்தில் ஒரு வினாடி ஒன்றுமே இல்லை. அவன் உள்ளுக்குள் குதித்தான். வெளியில் இருமினான்.

அப்போது கதவு மணி கிணுகிணுத்தது. சீருடை போட்ட ஒருவர், மடக்கிய குடையும் சாப்பாட்டுப் பையுமாக, "சாப்பிடலாமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

டீச்சர் மரியாதையாக நிமிர்ந்து நின்றார். "சார்! நீங்களா? ஆய்வு நாளைக்குத்தானே?"

அதிகாரியின் சிரிப்பு வாயிலேயே காய்ந்துபோனது. டீச்சரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவியின் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு, உத்தியோகம் கற்றுக்கொடுத்த பழக்கத்தில், குரலைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"யாருடைய பிராணி இது? அனுமதி இருக்கா?"

மரகதம் அந்தக் குரலைக் கேட்டதும் கழுத்தை நீட்டியது. அம்மாவின் தோளிலிருந்து அவர் கைக்குத் தாவி, சட்டையைப் பற்றி ஏறி, தோளில் சௌகரியமாகப் படுத்து, வாலை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டது. எத்தனையோ தரம் ஏறின மாடிப்படி போல அதற்கு வழி அத்துப்படி.

"சாருக்கு மாலை மரியாதை ஆயிடுச்சு," என்றான் ரேடியோ.

"அளக்கற கருவின்னு ஒரு பெரிய பை கொண்டுவந்தீங்களே," என்றார் டீச்சர் மெதுவாக. "குடிக்கத் தண்ணி கேட்டீங்க. நான் சமையல்கட்டுக்குப் போனேன்." அவர் மனசுக்குள் கூட்டல் முடிந்துவிட்டது. "சார், நீங்களா?"

அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க," என்றார் மனைவி. "மிருகக்காட்சிசாலை?"

இரண்டே வார்த்தை. அந்த மனிதர் எத்தனையோ வழக்குகளைப் பார்த்தவராக இருக்கலாம். இந்தப் பார்வையை அவர் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"டிவியில மைக்கை நீட்டினாங்க," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "'உங்க வீட்ல ஏதாவது வளர்க்கறீங்களா சார்'னு கேட்டாங்க. 'என் வீட்ல பல்லி கூடக் கிடையாது'ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா, இது என் தலையணையில படுத்திருக்கு. பறிமுதல் பண்ற இடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அங்க இதை விட மனசு வரல. ஆய்வுக்குப் போன வீடுகள்லயே உங்க வீட்லதான் டீச்சர் வெயிலும் கிளையும் இலையும் இருந்துச்சு. உங்க திவானைப் பார்த்தேன். ராஜா மாதிரி இருந்தான். நாளைக்கு நானே வந்து, ஒண்ணுன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். உங்களுக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது."

"ரெண்டை ஒண்ணுன்னு எழுதுவீங்களா?" டீச்சர் சிவந்துபோனார். "உங்களுக்குக் கணக்கு எடுத்தது யாரு சார்? நாளைக்கு உங்களுக்குப் பதிலா வேற அதிகாரி வந்தா? என் திவானைத் தூக்கிட்டுப் போயிருப்பாங்களே! உங்களுக்கு உங்க பிள்ளை, எனக்கு என் பிள்ளை!"

அதிகாரி இரண்டு கையையும் கூப்பினார். தோளில் இருந்தது நழுவாமல் பார்த்துக்கொண்டேதான் கூப்பினார்.

அக்காவுக்கு இதற்குள் தெம்பு திரும்பியிருந்தது. "சார், தானா வந்து பதிவு பண்றவங்களை எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டோம்னு விதி இருக்கில்ல?"

"இருக்கு. அந்த விதியை எழுதின குழுவுல நானும் இருந்தேன்."

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் கவுன்ட்டர் திறந்திருக்கும்."

அதிகாரி நிமிர்ந்தார். முகம் வெளிறிப்போனது. "அந்த வரிசையிலயா? என் ஆபீஸ்லயா? எனக்குக் கீழ வேலை பார்க்கறவங்க எல்லாரும் பார்ப்பாங்களே!"

"பார்ப்பாங்க," என்றார் அக்கா.

மனைவி ஏற்கெனவே கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வெள்ளரித் துண்டுக்காரர் மட்டும், "நான் இப்ப கண்ணைத் திறக்கலாமா?" என்று கேட்டபடி படுத்திருந்தார்.

*

பதிவு அலுவலகத்தின் வரிசை நடையைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடம் வரை போயிருந்தது. வாளிக்குள் ஆமை, தலையணை உறைக்குள் என்னவென்று சொல்ல விரும்பாத ஒன்று, தோளில் சாம்பல் நிறக் கிளி. அந்தக் கிளி காலையிலிருந்து கவுன்ட்டர் குமாஸ்தாவின் குரலைக் கேட்டுக் கேட்டு, "அடுத்தது! அடுத்தது!" என்று கத்திக்கொண்டே இருந்தது. அது கத்தும்போதெல்லாம் வரிசையில் யாராவது ஒருவர் ஏமாந்து முன்னால் ஓடினார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியில் போய் நின்றார். அவரைக் கடந்துபோன கடைநிலை ஊழியர் ஒருவர் சல்யூட் அடித்தார். கூடைக்குள்ளிருந்து வால் தொங்குவதைக் கண்டு, அடித்த கையை இறக்க மறந்து அப்படியே நடந்துபோனார்.

வரிசையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர், இருட்டும்போது ஆமைக்குப் பாட்டுப் பாடுவேன் என்றார். ஒரு பெண், இந்தச் சட்டத்தை எழுதினவன் வீட்டில் ஒரு பூனைகூட வளர்த்திருக்க மாட்டான் என்று திட்டினார். அதிகாரி குனிந்து ஷூ லேசைக் கட்டினார். அது கட்டித்தான் இருந்தது.

கவுன்ட்டருக்கு முன்னால் கால்நடை மருத்துவரின் மேசை. மருத்துவர் மரகதத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் தடவினார். "நல்லா இருக்கு. வயித்துல முட்டை வெச்சிருக்கு."

"என்ன?" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

"பெண் இகுவானா தனியா இருந்தாலும் முட்டை போடும். அது பொரியாது. பக்கத்துல ஆண் ஏதாவது இருந்துச்சா?"

எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் திவான் அப்படிப்பட்டவன் இல்ல!" என்றார் டீச்சர்.

"அதைக் காலம்தான் சொல்லணும்," என்றார் மருத்துவர், கையைக் கழுவிக்கொண்டே.

"எத்தனை இருக்கும் டாக்டர்?" என்று கேட்டார் அதிகாரி.

"முப்பது, நாப்பது சாதாரணம்."

அதிகாரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு வீட்டுக்கு ஒன்று.

"முட்டையைப் பத்திச் சட்டம் என்ன சார் சொல்லுது?" என்று கேட்டான் ரேடியோ.

"ஒண்ணும் சொல்லல," என்றார் அவர் பரிதாபமாக. "குழுவுல ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து எழுதினோம். முட்டைன்னு ஒண்ணு இருக்கறதே ஒருத்தருக்கும் ஞாபகம் வரல."

"எழுதாத வரைக்கும் குத்தமில்ல," என்றார் அக்கா. "போங்க, கவுன்ட்டருக்கு."

கவுன்ட்டருக்குள் இருந்த குமாஸ்தா ஒரு இளம்பெண். அதிகாரியைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் உட்காரச் சொல்லிச் சைகை செய்தார். உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள்.

"பேரு சார்?"

"என் பேரு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். தெரிஞ்சாலும் கேட்டுத்தான் எழுதணும்னு உத்தரவு."

உத்தரவு யாருடையது என்று அவள் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொன்னார். முகவரி சொன்னார். பிராணியின் பெயர் மரகதம் என்று மனைவி சொன்னார்.

"வளர்க்கறதுக்குக் காரணம்?"

அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியையும் அந்தக் குழுதான் சேர்த்திருக்க வேண்டும். பின்னால் இருந்த ஆமைப் பெரியவர்கூட எட்டிப் பார்த்தார்.

"எங்களுக்குக் குழந்தை இல்ல," என்றார் கடைசியில். மனைவியைப் பார்க்காமலேதான் சொன்னார். "நான் ஆபீஸ்லேருந்து வருவேன். இவ பார்லர்லேருந்து வருவா. ஆளுக்கொரு மூலையில போனைப் பாத்துட்டு உட்கார்ந்திருப்போம். இது வந்ததுக்கப்புறம் 'சாப்பிட்டுச்சா', 'தூங்கிடுச்சா', 'உன் மேல ஏறிச்சா, என் மேல ஏறிச்சா'ன்னு பேச ஆரம்பிச்சோம். ஒரு வாரமா திரும்பவும் பேச்சில்ல. இதையெல்லாம் எப்படிம்மா ஒரு கட்டத்துக்குள்ள எழுதுவே?"

குமாஸ்தாப் பெண் கொஞ்ச நேரம் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "'வீட்டு ஆள்'னு எழுதிக்கறேன் சார்," என்றாள்.

முத்திரை விழுந்தது. மனைவி கூடையின் ஒரு பக்கக் காதை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கித் தானும் பிடித்துக்கொண்டார். டீச்சர் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் ஜலதோஷம் என்று சொல்லத் தயாராக ரேடியோ பக்கம் திரும்பினார். ரேடியோவும் அதே ஜலதோஷத்தோடுதான் நின்றான்.

"மணியாச்சு சார்," என்றாள் குமாஸ்தாப் பெண். ஷட்டரை இறக்கக் கடைநிலை ஊழியர் கொக்கியோடு வந்துவிட்டார். வரிசையில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, அழுகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. வாளியைப் பிடித்திருந்த பெரியவர், கிட்டத்தட்ட கவுன்ட்டரைத் தொட்டுவிட்டவர், வாளிக்குள் பார்த்தார். உள்ளேயிருந்த ஆமையும் தலையை நீட்டி அவரைப் பார்த்தது.

அதிகாரி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வரிசையில நிக்கறவங்க எல்லாரும் நேரத்துக்கு வந்தவங்க," என்றார். "கடைசி ஆள் வரைக்கும் பார்த்துட்டுத்தான் ஷட்டர் இறங்கணும். நான் கையெழுத்துப் போடறேன். விளக்கைப் போடுங்க."

நடை முழுக்க ஒரு பெருமூச்சு அலை மாதிரி ஓடிப் படிக்கட்டில் இறங்கியது. "அடுத்தது! அடுத்தது!" என்றது, பதிவு முடிந்தும் வேடிக்கை பார்க்க நின்ற கிளி. இந்தத் தடவை அது சொன்னது சரியாகவே இருந்தது.

ஆமைப் பெரியவரின் வேலை முடிந்தது. அவருக்குப் பின்னால், போர்வை போர்த்திய பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒல்லியான ஒரு மனிதர் கவுன்ட்டருக்கு வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பெட்டியில என்ன?" என்று கேட்டாள் குமாஸ்தாப் பெண்.

"மலைப்பாம்பு மேடம். சாதுவானது. இது வரைக்கும் யாரையும் ஒண்ணும் பண்ணதில்ல."

"திறந்து காட்டுங்க."

அவர் நெளிந்தார். "மேடம், நான் வரிசைக்கு வந்தப்போ பெட்டி நல்ல கனமா இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு."

"இப்போ?"

ஒல்லி மனிதர் போர்வையை விலக்கினார். பெட்டியின் அடிப்பக்கத்தில், ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஓட்டை.

வரிசை முழுவதும், வாளியும் கூடையும் கிளியுமாக, ஒரே மூச்சில் பெஞ்சுகள் மேல் ஏறியது. குமாஸ்தாப் பெண் மேசை மேல் நின்றாள். மருத்துவர் மருந்துப்பெட்டி மேல். கணக்கு டீச்சர் ஜன்னல் திண்டு மேல். தரையில் நின்றது சந்தேகம் அக்கா ஒருவர்தான். அவர் கண்கள் மின்ன, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"ரேடியோ, இறங்கி வந்து கதவைச் சாத்து," என்றார். "போனதைத் தேடற கேஸ் வந்திருக்கு."